அலுமினிய ஃபிரேம் வெல்டிங்குக்குப் பிறகு வளைந்து முறுக்கிக்கொள்கிறது: எங்கே தவறு?

தகடுநேசன்

வணக்கம். 2400 × 1200 மி.மீ. அளவில் ஒரு மேடை ஃபிரேம் செய்தேன். 50 × 50 × 3 சதுரக் குழாய், 6061-டி6 (வெப்பத்தால் பலம் ஏற்றிய அலுமினியக் கலவை). உள்ளே நான்கு குறுக்குச் சட்டங்கள். மேலே 3 மி.மீ. 5052 (இன்னொரு அலுமினியக் கலவை) தகடு, சுற்றிலும் விடாமல் ஒரே ஓட்டமாக வெல்டு. ஏசி டிக் (டங்ஸ்டன் முனை வெல்டிங்), 4043 நிரப்புக் கம்பி, காப்பு வாயுவாகச் சுத்த ஆர்கான். கனமான இரும்பு மேசையில் எல்லாப் பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் வேலையைத் தொடங்கினேன்.

கிளாம்பைக் கழற்றியதும் நீளவாட்டில் இரண்டு முனையும் மேலே எழும்பிவிட்டன, 7 மி.மீ. அளவுக்கு. ஒரு மூலை மட்டும் தனியாக இன்னொரு 5 மி.மீ. தூக்கி நிற்கிறது. மூலைக்கு மூலை அளக்கும் குறுக்கு அளவுகள் இரண்டுக்கும் 6 மி.மீ. வித்தியாசம். தகட்டின் நடுவில் கை வைத்து அழுத்தினால் டப்பென்று உள்ளே போகிறது, விட்டால் வெளியே வருகிறது.

சூடு ஏறக் கூடாது என்றுதான் ஆம்ப்ஸை 95-இல் வைத்து நிதானமாகப் போனேன். இதே மாதிரி இன்னும் மூன்று ஃபிரேம் செய்ய வேண்டும். ஆம்ப்ஸை இன்னும் குறைக்கட்டுமா?

பழைய பட்டறை

குறைக்காதீர்கள் தம்பி. உங்கள் ஃபிரேம் வளைந்ததற்குப் பாதிக் காரணம் அந்த 95 ஆம்ப்ஸ்தான்.

அலுமினியம் சூட்டை உடனே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆம்ப்ஸ் குறைவாக இருந்தால் ஆர்க் அடித்த இடம் உருகுவதற்கே நேரம் எடுக்கும். நீங்கள் காத்திருக்கும் அந்த நேரம் முழுக்கச் சூடு குழாய் நெடுக ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் உருகிய உலோகக் குட்டை உருவாகும்போது சுற்றி ஒரு சாண் தூரம் கொதித்திருக்கும். ஆர்க்கை வைத்தவுடன் ஓரிரு நொடியில் குட்டை பளபளவென்று திறக்க வேண்டும், கம்பியைக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். சூடு பரவுவதற்குள் நீங்கள் அந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

3 மி.மீ. கனத்துக்கு நேர் ஜாயின்ட் என்றால் 120 ஆம்ப்ஸ் பக்கம். குழாயோடு குழாய் டி போல நிற்கும் இடத்தில் சூடு மூன்று பக்கம் ஓடும், அங்கே 145, 150 வரை போகலாம். கை வேகம் வராதவர்கள் முதலில் கழிவுத் துண்டில் பழகிவிட்டு வாருங்கள். எல்லோரும் பயப்படும் இடம் இதுதான், ஆனால் இதைத் தாண்டாமல் அலுமினியம் கைக்கு வராது.

இன்னொன்று கேட்கிறேன். வெல்டு எவ்வளவு பெரிதாகப் போட்டீர்கள்? குழாய் வெட்டில் கேப் இருந்ததா?

தகடுநேசன்

ஐயா, கேப் இருந்தது. சில இடங்களில் 2 மி.மீ. வரை. கம்பியால் நிரப்பினேன். வெல்டின் கால் அளவு (மூலையிலிருந்து ஒரு பக்கம் பரவிய நீளம்) இப்போது அளந்து பார்த்தால் 8 மி.மீ. வருகிறது.

கணக்குப்பிள்ளை

அந்த 8 மி.மீ.யைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபில்லெட் வெல்டில், அதாவது இரண்டு துண்டு சேரும் மூலையை நிரப்பும் முக்கோண வெல்டில், ஊற்றும் உலோகத்தின் அளவு, கால் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மி.மீ. சுவருக்கு 4 மி.மீ. கால் போதும். 8 மி.மீ. என்றால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு உலோகம். நான்கு மடங்கு உருகிய உலோகம் உறையும்போது சுருங்கும், ஃபிரேமை இழுக்கும். பலமும் கூடாது, ஏனென்றால் பக்கத்திலுள்ள 3 மி.மீ. சுவர்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

பழைய பட்டறை ஐயா ஆம்ப்ஸ் பற்றிச் சொன்னதை எண்ணில் பார்ப்போம். ஒரு மி.மீ. நீளத்துக்கு எவ்வளவு சூடு போகிறது என்பதற்கு வோல்ட், ஆம்ப்ஸ் இரண்டையும் பெருக்கி, நகரும் வேகத்தால் வகுக்க வேண்டும். டிக்கில் அதில் 60 சதவீதம்தான் வேலைப்பொருளுக்குள் போகும் என்று எடுப்பது வழக்கம். 95 ஆம்ப்ஸ், 14 வோல்ட், நிமிடத்துக்கு 70 மி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் மி.மீ.க்கு 0.68 கிலோஜூல் வருகிறது. 150 ஆம்ப்ஸ், 15 வோல்ட், நிமிடத்துக்கு 180 மி.மீ. என்றால் 0.45 தான். ஆம்ப்ஸ் ஒன்றரை மடங்கு கூடியும் உள்ளே போன சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வேகம்தான் கணக்கை மாற்றுகிறது.

பல்ஸ் மிக் (கம்பி தானாக ஓடிவரும், கரன்ட் துடித்துத் துடித்துப் பாயும் வெல்டிங்) இருந்தால் இன்னும் இறங்கும். 130 ஆம்ப்ஸ், 20 வோல்ட், 700 மி.மீ. வேகம், 80 சதவீதம் என்று போட்டால் 0.18. அதனால் நீளமான தையல்களுக்கு மிக், மூலைகளுக்கும் பார்வைக்கு வரும் இடங்களுக்கும் டிக் என்று பிரித்துக்கொள்வதே என் விருப்பம்.

அலுமினியம் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் துண்டு 100 டிகிரி சூடானால் ஏறத்தாழ 2.4 மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான். வெல்டு ஓரத்தில் சூடான பகுதி விரியப் பார்க்கும், சுற்றியுள்ள ஆறிய உலோகம் விடாது. சூட்டில் மென்மையாகிவிட்ட அந்தப் பகுதி தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்ளும். ஆறும்போது பழைய நீளத்துக்குத் திரும்ப அதனிடம் உலோகம் இல்லை, அதனால் குட்டையாகி மற்ற பகுதியை இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கும் விறைப்பும் அலுமினியத்துக்கு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான்.

உங்கள் முனைகள் எழும்பியதற்கு விடை இதிலேயே இருக்கிறது. தகட்டின் தையல் முழுவதும் ஃபிரேமின் மேல்பக்கத்தில். மேல்பக்கம் குட்டையானது, கீழ்ப்பக்கம் அப்படியே இருந்தது, முனைகள் எழுந்தன.

நீலச்சுடர்

என் வழி வேறு. நான் வெல்டுக்குப் பக்கத்திலேயே ஈரத்துணி போர்த்தி வைப்பேன். சூடு தண்ணீரில் போய்விடும். மெல்லிய தகடுகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. முயன்று பாருங்கள் நண்பரே.

அலைமேல்தகடு

நீலச்சுடர் நண்பரே, இதில் நான் உடன்பட மாட்டேன். படகு உடல்கள் செய்கிறவன் நான், 5083 தகடுதான் என் அன்றாடம். ஈரம் ஆர்க் பக்கம் வந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து குட்டைக்குள் போகும். உருகிய அலுமினியம் அதைக் கரைத்து வைத்துக்கொள்ளும், உறையும் நேரத்தில் அதன் கொள்ளளவு இருபதில் ஒரு பங்காக விழுந்துவிடும். வெளியேற நேரமில்லாத வாயு ஊசித்துளையாக உள்ளேயே நின்றுவிடும். மேலே பார்த்தால் அழகான பீட் (வெல்டு வரி). வெட்டிப் பார்த்தால் சல்லடை.

சூட்டை இழுக்க வேண்டுமென்றால் உலர்ந்த உலோகத்தை வையுங்கள். வெல்டின் பின்பக்கமோ ஓரத்திலோ 20, 25 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பட்டையை நன்றாகப் படியும்படி கிளாம்ப் செய்தால் போதும். செம்புப் பட்டை இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் ஆர்க் அதன்மேல் படக் கூடாது, செம்பு வெல்டில் கலந்தால் வெடிப்புக்கு வழி. பட்டை படியாமல் நடுவில் காற்று இருந்தால் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான்.

நீலச்சுடர்

நான் செய்தவை அலங்கார வேலைகள், எதையும் வெட்டிப் பார்த்ததில்லை. பாரம் தாங்கும் ஃபிரேமுக்கு அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். பட்டை வழியை நானும் பின்பற்றுகிறேன்.

தகடுநேசன்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. நான்கு பக்கமும் இறுக்கமாகக் கிளாம்ப் போட்டிருந்தேனே, அப்படியும் எப்படி வளைந்தது?

பழைய பட்டறை

கிளாம்ப் போட்டால் வளையாது என்று நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆறும் வரைக்கும் அது பிடித்து வைக்கும், அதற்காக உள்ளே சேர்ந்த இழுப்பு எங்கே போகும்? கழற்றியதும் வெளியே வரும்.

உங்கள் மேசை இரும்பு, அது ஆறியே இருக்கும். 2400 மி.மீ. ஃபிரேம் சராசரியாக 60 டிகிரி ஏறினாலே 3 மி.மீ.க்கு மேல் நீளப் பார்க்கும். இரண்டு முனையையும் பூட்டிவிட்டால் அது நீள வழியில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். ஆறினால் கூடுதலாகக் குட்டையாகும். நான் நடுவில் மட்டும் இறுக்கிப் பிடிப்பேன். முனைகளில் மேலே எழாதபடி ஒரு பட்டையைக் குறுக்கே வைத்து லேசாக அமுக்கியிருப்பேன். நீளவாக்கில் வழுக்கிப் போகும், மேல்நோக்கிப் போகாது. அளவுக்கு மீறிப் பூட்டினால் 6061-இல் வெல்டு ஆறும்போதே நடுவில் கீறல் விட்டுவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் முறுக்கல். எந்த வரிசையில் போட்டீர்கள்? ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனீர்களா?

தகடுநேசன்

ஆமாம் ஐயா. கடிகாரச் சுற்றில் ஒவ்வொரு மூலையாக முடித்தேன்.

பழைய பட்டறை

முறுக்கல் அங்கிருந்துதான் வந்தது. முதல் மூலை ஆறி இறுகிவிட்டது, பிறகு வந்த இழுப்பு எல்லாம் ஒரே சுற்றில் சேர்ந்து கடைசி மூலையில் வந்து கொட்டியது.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் முழு ஃபிரேமையும் டேக் (பிடித்து வைக்கும் சிறு வெல்டு) அடிப்பேன். ஒவ்வொரு ஜாயின்டிலும் எதிரெதிர் முகங்களில் டேக், எல்லாவற்றிலும் கம்பி கொடுத்து. 6061-ஐக் கம்பி இல்லாமல் சும்மா உருக்கி ஒட்டினால் டேக்கே கீறிவிடும். டேக் முடிந்ததும் குறுக்கு அளவு பார்த்து, கோணல் இருந்தால் அப்போதே தட்டிச் சரிசெய்வேன். அதற்குப் பிறகு சரிசெய்வதெல்லாம் போராட்டம்.

முழு வெல்டு நடுக் குறுக்குச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். நடுவில் இருந்து வெளியே போனால் சுருக்கம் முனைகள் பக்கம் போய்ச் சேரும், அங்கே அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஒரு ஜாயின்டில் ஒரு முகம் போட்டால், அடுத்தது மூலைவிட்டத்தில் எதிரே இருக்கும் ஜாயின்ட். பிறகு திரும்பி வந்து முதல் ஜாயின்டின் எதிர் முகம். ஃபிரேமைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும், சோம்பல் படக் கூடாது. ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கத்து இழுப்பு சமன்செய்யும்.

கணக்குப்பிள்ளை

ஐயா சொன்ன வரிசையோடு சூட்டையும் அளந்துகொண்டே போங்கள். அடுத்த பாஸ் (வெல்டு ஓட்டம்) தொடங்கும் முன் அந்த இடம் 120 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. நான் இன்னும் கீழே, கை வைத்து எடுக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும் என்று விடுவேன். முன்சூடு கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் 3 மி.மீ. வேலைக்குக் கேட்காதீர்கள், கனத்த துண்டுகளுக்கு மட்டும்தான் அது பயன்படும்.

வெப்பநிலைத் துப்பாக்கியை அப்படியே நம்பிவிட வேண்டாம். பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்பைச் சரியாக உமிழாது, கருவி உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஓரமாக ஒரு இடத்தில் கறுப்பு மார்க்கரால் பட்டையாகப் பூசி அதன்மேல் அளந்தால் ஓரளவு சரியாக வரும். குறிப்பிட்ட சூட்டில் உருகும் வெப்பநிலைக் கிரேயான் இருந்தால் அதுவே நம்பகமானது.

இதில் பலமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 6061-டி6 இழுவலிமை 310 மெகாபாஸ்கல் அளவு. வெல்டு செய்த பிறகு, ஓரத்தில் சுமார் 25 மி.மீ. பட்டையில், 165 என்றுதான் வடிவமைப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். டி6 தன்மை அந்தச் சூட்டில் கரைந்துபோகிறது. சூடு கூடக் கூட அந்தப் பட்டை அகலமாகும். ஆகவே வளைவுக்காக மட்டும் சூட்டைக் குறைக்கவில்லை, ஃபிரேமின் பலத்துக்காகவும்தான்.

அலைமேல்தகடு

தகட்டைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, டப் டப் சத்தம் வருவது அங்கேதான்.

சுற்றிலும் ஒரே ஓட்டமாகத் தைத்தால் ஓரம் முழுவதும் சுருங்கும், நடுத் தகட்டுக்கு இடம் போதாமல் புடைக்கும். உங்கள் மேடைக்கு நீர் புகாத தையல் தேவையா? தேவையில்லை என்றால் விட்டு விட்டுப் போடுங்கள். 40 மி.மீ. வெல்டு, 110 மி.மீ. இடைவெளி. நீளப் பக்கங்களின் நடுவில் தொடங்கி மாறி மாறி வெளியே போங்கள். ஆனால் ஒவ்வொரு துண்டு வெல்டின் முடிவிலும் குழி விட்டுவிடாதீர்கள், அந்தக் குழியில்தான் கீறல் பிறக்கும். கரன்ட்டைப் படிப்படியாக இறக்கி, கம்பி கொடுத்துக் குழியை மேடாக்கிவிட்டு எடுங்கள். அதிர்வு அதிகம் படும் வேலை என்றால் விட்டு விட்டுப் போடுவதே எனக்குப் பிடிக்காது, ஒவ்வொரு தொடக்கமும் முடிவும் களைப்புக் கீறலுக்கு ஓர் அழைப்பு.

நீர் புகாமல் தைத்தே ஆக வேண்டும் என்றால் பின்னோக்கிய முறை. மொத்தத்தில் இடமிருந்து வலமாகப் போவீர்கள், ஆனால் ஒவ்வொரு 60, 70 மி.மீ. துண்டையும் வலமிருந்து இடமாகப் போட்டு முந்தைய துண்டின் தொடக்கத்தில் கொண்டுபோய் முடிப்பீர்கள். அதற்கு முன் 50 மி.மீ.க்கு ஒரு டேக். டேக் அடிக்கும் வரிசையும் நடு, முனைகள், பிறகு பாதிப் பாதியாக.

கம்பியையும் மாற்றுங்கள். 5052-ஐ 6061-உடன் சேர்க்க நான் 5356 எடுப்பேன், வெட்டு வலிமை கூடுதல். மேடை எப்போதும் 65 டிகிரிக்கு மேல் சூட்டில் நிற்கும் என்றால் மட்டும் 5356 வேண்டாம். என்னைப் போல 5083 வேலைக்கு வந்தால் 4043-ஐத் தொடவே வேண்டாம், வெல்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

உண்மையில் என் யோசனை வேறு. இந்தத் தகட்டை வெல்டு செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன். கட்டமைப்புக்கான பசையும் ரிவெட்டும் போட்டால் புடைப்பும் இல்லை, முனை எழும்புவதும் இல்லை. வளைவைக் குறைக்க முதல் வழி வெல்டைக் குறைப்பதுதான்.

தகடுநேசன்

தகட்டை வெல்டு செய்தே ஆக வேண்டும், வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் விட்டு விட்டுப் போட அனுமதி வாங்கிவிட்டேன். முனை எழும்புவதைத் தடுக்க என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

மூன்று ஃபிரேம் செய்ய வேண்டும் என்றீர்களே, அதில் இரண்டை ஜோடியாக்குங்கள். அடிப்பக்கத்தோடு அடிப்பக்கம் ஒட்டி வைத்து, நடுவில் 6 மி.மீ. கனச் சப்பை (தட்டைத் துண்டு) ஒன்றைச் செருகி, முனைகளை ஒன்றையொன்று தொடும்வரை கிளாம்பால் இறுக்குங்கள். இப்போது ஒவ்வொரு ஃபிரேமும் மேல்பக்கமாக 3 மி.மீ. புடைத்து நிற்கும். அந்த நிலையில் தகட்டைத் தையுங்கள், ஒரு பக்கம் கொஞ்சம், புரட்டி மறுபக்கம் கொஞ்சம். நன்றாக ஆறிய பிறகு பிரியுங்கள். மேல்பக்கச் சுருக்கம் அந்தப் புடைப்பைச் சமதளத்துக்குக் கொண்டுவரும்.

தொடர் தையலில் 7 மி.மீ. வந்தது, விட்டு விட்டுப் போடும்போது அதைவிடக் குறைவாகத்தான் வரும். 3 என்பது என் தொடக்கம். முதல் ஜோடியில் என்ன வருகிறதோ அதை அளந்து சப்பையை மாற்றிக்கொள்ளுங்கள். விறைப்பு குறைவான உலோகம், கிளாம்ப் அழுத்தத்தில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்துவிடும், அதனால் கொஞ்சம் அதிகமாகவே கொடுக்க வேண்டியிருக்கும்.

நீலச்சுடர்

வளைந்துபோன முதல் ஃபிரேமை என்ன செய்வது? கேஸ் டார்ச்சில் சூடுகாட்டி நேராக்கலாமா?

பழைய பட்டறை

இரும்பில் செய்வதைப் போல இதில் செய்யாதீர்கள். அலுமினியம் சிவக்காது. உருகப்போகும் நொடி வரைக்கும் அதே வெள்ளி நிறத்தில் இருக்கும், திடீரென்று ஓட்டை விழும். 6061-இல் சூடு காட்டிய இடமெல்லாம் மறுபடி பலம் இழக்கும். அந்த 165-க்குள் நிற்கும் பட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகிவிடும்.

சூடு இல்லாமல் ஜாக்கியும் பட்டையும் வைத்து மெதுவாக அமுக்கி நிமிர்த்துவேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மீறி அமுக்கி. வெல்டின் விளிம்பில் அமுக்கக் கூடாது, குழாயின் உடலில்தான். முடிந்ததும் வெல்டு ஓரங்களை ஊடுருவு சாயம் தடவிப் பார்க்க வேண்டும். கீறல் தெரிந்தால் அந்த ஜாயின்டைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும்.

அலைமேல்தகடு

பெரிய கப்பல்தள தகடுகளிலும் ரயில்பெட்டி உடல்களிலும் இந்தச் சிக்கலுக்கே இடம் கொடுக்காமல் உராய்வுக் கலக்கு வெல்டிங் செய்கிறார்கள். 1991-இல் பிரிட்டனின் வெல்டிங் ஆய்வு நிறுவனமான டிடபிள்யூஐ கண்டுபிடித்த முறை. சுழலும் ஊசி உலோகத்தை உருக்காமலே பிசைந்து ஒட்டிவிடும், அதனால் வளைவு மிகக் குறைவு. நீளமான நேர்த் தையலும் பெரிய இயந்திரமும் வேண்டும், சதுரக் குழாய் மூலைகளுக்கு ஒத்துவராது. ஆர்வத்துக்காகச் சொன்னேன்.

தகடுநேசன்

இரண்டாவது, மூன்றாவது ஃபிரேம்களை ஜோடியாக முடித்துவிட்டேன். அளவுகள் தருகிறேன்.

குழாய்களைப் புதிதாக வெட்டி, கேப் அரை மி.மீ.க்குள் வரும்வரை அரம் போட்டேன். இதற்கே ஒரு நாள் போனது, ஆனால் வெல்டு செய்யும்போது கம்பி பாதிகூடச் செலவாகவில்லை. அசிட்டோனால் துடைத்த பிறகுதான் தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ் போட்டேன், முன்பு வரிசையை மாற்றிச் செய்துகொண்டிருந்தேன், எண்ணெயைத் தேய்த்து உள்ளே ஏற்றியிருக்கிறேன். 145 ஆம்ப்ஸ், ஏசி அலைவெண் 110 ஹெர்ட்ஸ். ஆர்க் கூர்மையாக நின்றது. கால் அளவு 4, சில இடத்தில் 5.

குறுக்கு அளவு வித்தியாசம் ஒன்றில் 1, மற்றொன்றில் 1.5 மி.மீ. முறுக்கல் இரண்டிலும் 2 மி.மீ.க்குள். முனைகள் எழும்பவில்லை, மாறாக நடு 1 மி.மீ. மேலே நிற்கிறது, அடுத்த முறை சப்பையை 4 மி.மீ. ஆக்கப் போகிறேன். தகடு ஒன்றில் முழுச் சமம், மற்றொன்றில் ஒரு மூலைப் பக்கம் மெல்லிய புடைப்பு. அந்தப் பக்கத்தில் பொறுமை இழந்து மூன்று துண்டுகளை அடுத்தடுத்துப் போட்டேன், அதன் பலன்.

ஒரு டேக் கீறியிருந்ததைக் கவனிக்காமல் அதன்மேலேயே வெல்டு போட்டதில் கீறல் மேலே வந்தது. தோண்டி எடுத்துத் திரும்பப் போட்டேன். நான்காவது ஃபிரேம் தனியாக வருகிறது, அதற்கு ஜோடி இல்லை. தூக்குவதற்கான நான்கு காதுகளும் அதில் உண்டு. காதுகளைத் தகட்டுக்கு முன்பு வைப்பதா, பின்பா?

பழைய பட்டறை

அளவுகளைப் பார்த்து மனம் நிறைந்தது தம்பி. கீறிய டேக்கை எப்போதும் முதலிலேயே தோண்டிவிடுங்கள்.

ஜோடி இல்லாததற்கு மேசையையே ஜோடியாக்குங்கள். மேசைமேல் நடுவில் 2 மி.மீ. சப்பை வைத்து, முனைகளை மேசையோடு அமுக்கிப் பிடியுங்கள், நீளவாக்கில் வழுக்க விட்டு.

காதுகள் தகட்டுக்கு முன்பு. ஃபிரேம் திறந்திருக்கும்போது எல்லாப் பக்கமும் டார்ச் போகும், எதிரெதிரே மாற்றி மாற்றிப் போட முடியும். குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்துக்கு நேரே வையுங்கள், வெறும் குழாய்ச் சுவரில் வேண்டாம். காது கனமான துண்டு, ஆர்க்கை அதன்மேல் அதிகம் சாய்த்து வையுங்கள், 3 மி.மீ. சுவர் பக்கம் குட்டை தானாக வந்து ஒட்டும். போட்டு முடித்து முழுக்க ஆறிய பிறகு குறுக்கு அளவை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் தகட்டை எடுங்கள்.